சாஃப்ட்னர் இருந்தும் குழாயில் வெள்ளை படியுது: ரெசின் போச்சா, மெஷினே போச்சா?

தண்ணி சாஃப்ட்னர் (தண்ணியில இருக்கிற சுண்ணாம்பைப் பிடிக்கிற மெஷின்) பத்தி சூலூர் வீடு கேட்ட கேள்வியும், உப்புக்கணக்கு, மல்டிபோர்ட், ரெசின் மூட்டைன்னு புனைபெயர்ல மூணு பேர் சொன்ன பதிலும்.

சூலூர் வீடு கேட்டது:

கோவை, சூலூர் பக்கம். போர் தண்ணி சம்புக்கு வந்து, அங்கிருந்து 1 ஹெச்பி மோனோபிளாக் மோட்டார் சாஃப்ட்னர் வழியா மொட்டைமாடி டேங்குக்கு ஏத்துது. 10 இன்ச் ஃபைபர் வெசல், உள்ளே 25 லிட்டர் ரெசின் (சுண்ணாம்பைப் பிடிக்கிற சின்னச் சின்ன மணி), மேலே தண்ணி போற வழியைக் கையால திருப்பி மாத்துற மல்டிபோர்ட் வால்வு. போட்டு அஞ்சு வருஷம். வாரம் ஒரு தடவை 5 கிலோ கல் உப்பு கரைச்சு உள்ளே விட்டு ரெசினைப் புதுப்பிக்கிறோம், அதாவது ரீஜெனரேஷன்.

முதல்ல நல்லா இருந்தது. மாடிக்குக் குடி வந்த பிறகு ஷவர் அடைக்குது, கீசர்ல சுண்ணாம்பு கட்டுது. கிட் வெச்சுப் பார்த்ததுல சம்பு தண்ணி ஹார்ட்னஸ் (கரைஞ்ச கால்சியம், மக்னீசிய அளவு) 650 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), டேங்க் தண்ணி 400. கரைஞ்ச மொத்த உப்பைக் காட்டுற டிடிஎஸ் மீட்டர்ல ரெண்டுமே 1400. மொத்தச் செலவு நாளைக்கு 1000 லிட்டர் இருக்கும். சர்வீஸ்காரர் முழு செட்டையும் மாத்தணும்கிறார். ரெசின் மட்டும் மாத்தினா போதாதா?

உப்புக்கணக்கு சொன்னது:

ரெசின் வாங்குறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க.

1000 லிட்டர்ல 650 பிபிஎம்னா நாளைக்கு 650 கிராம் ஹார்ட்னஸ். வாரத்துக்கு நாலரைக் கிலோ. 25 லிட்டர் ரெசினுக்கு 5 கிலோ உப்பு கொடுத்தா அது பிடிக்கிறது சுமார் 1,500 கிராம், அதாவது 2,300 லிட்டர் தண்ணி. ஞாயித்துக்கிழமை உப்பு போட்டா செவ்வாய் ராத்திரியே ரெசின் ரொம்பிடும். மீதி நாலஞ்சு நாள் போர் தண்ணிதான் அப்படியே உள்ளே போய் வெளியே வருது. கீழ் வீடு மட்டும் இருந்தப்போ செலவு பாதியா இருந்திருக்கும், அதனால அவ்வளவா தெரிஞ்சிருக்காது.

உப்பை ரெட்டிப்பாக்கினா ரெசினோட கொள்ளளவு ரெட்டிப்பாகாது. லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்புக்கு சுமார் 46 கிராம் ஹார்ட்னஸ் பிடிக்கும். 240 கிராம் போட்டாலும் 68 கிராம்தான். அதனால 5 கிலோவை வாரம் ஒரு தடவை கொட்டுறதைவிட, 3 கிலோவை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொடுங்க. மோட்டார் லைன்ல ஒரு வாட்டர் மீட்டர் மாட்டி, 1,900 லிட்டர் ஓடினதும் உப்புன்னு வெச்சுக்கிட்டா கிழமையைப் பார்க்கவே வேண்டாம்.

டிடிஎஸ் மீட்டரை இந்த வேலைக்குத் தொடாதீங்க. சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடுது, மொத்த உப்பு குறையாது. நல்லா ஓடுற மெஷின்லயும் 1400 உள்ளே போனா 1400-தான், சில சமயம் கொஞ்சம் கூடவே காட்டும். சிவப்பு நீலமா மாறுற சொட்டு மருந்து கிட் ஒண்ணுதான் உண்மையைச் சொல்லும்.

மல்டிபோர்ட் சொன்னது:

கணக்கு சரி. ஆனா அதோட நிக்காது. 1 ஹெச்பி மோட்டார் நேரா 25 லிட்டர் ரெசினுக்குள்ள போகுதுங்கிறதே எனக்கு உறுத்துது. டேங்குல விழுற இடத்துல 20 லிட்டர் பக்கெட் வெச்சு எத்தனை செகண்டுல ரொம்புதுன்னு பாருங்க. ரெசின் அளவைப்போல மணிக்கு 40 மடங்கு வரைதான் தண்ணி போகலாம். உங்களுக்கு அது மணிக்கு 1,000 லிட்டர். அதுக்கு மேல போனா புது ரெசின்லகூட ஹார்ட்னஸ் ஒழுகும்.

பிறகு இந்த வரிசையில பாருங்க. ரீஜெனரேஷன் முடிஞ்சு மல்டிபோர்ட்டை சர்வீஸ் பொசிஷன்ல (வழக்கமா தண்ணி போற நிலை) ஓட விட்டு பத்து நிமிஷத்துல ஒரு சாம்பிள். 50-க்குக் கீழே இருந்தா ரெசின் வேலை செய்யுது, சீக்கிரம் தீருறதுதான் பிரச்சனை. அப்பவே 200, 300 காட்டினா, வால்வைக் குறைச்சு வேகத்தை மூணுல ஒரு பங்காக்கி மறுபடி சாம்பிள் எடுங்க. வேகத்தைக் குறைச்சதும் ஹார்ட்னஸ் இறங்கினா மோட்டார் வேகம்தான் காரணம். அப்படியே நின்னா போர் தண்ணி ரெசினைத் தொடாமலே குறுக்கு வழியில போகுது. மல்டிபோர்ட்டுக்குள்ள சக்கரத்து ஆரம் மாதிரி ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும், அது கிழிஞ்சிருக்கலாம். இல்லேன்னா நடு பைப்போட மேல் ஓ-ரிங் போயிருக்கும். மோட்டார் ஓடிக்கிட்டிருக்கப்பவே கைப்பிடியைத் திருப்புறதுதான் அந்த கேஸ்கெட் கிழியக் காரணம். ஒவ்வொரு பொசிஷன் மாத்துறப்பவும் மோட்டாரை நிறுத்துங்க.

உப்பு உறிஞ்சுதான்னும் பார்க்கணும். சால்ட் பொசிஷன்ல வெச்சு, டியூப் முனையை 10 லிட்டர் பச்சைத் தண்ணி இருக்கிற பக்கெட்ல விடுங்க. மட்டம் இறங்கணும். இறங்காம மேல ஏறினா டிரெயின் லைன் அடைப்பு. டியூப்ல குமிழி ஓடினா நட் பக்கம் காத்து இழுக்குது. அசையாம நின்னா இன்ஜெக்டர் (உப்புத் தண்ணியை உறிஞ்சி இழுக்கிற பாகம்) அடைப்பு. அதைக் கழட்டினா சின்ன பிளாஸ்டிக் நாசில், ஓட்டையில மணலும் கல் உப்போட களிமண்ணும் ஒட்டியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க. ஊசி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெரிசாயிட்டா அப்புறம் உறிஞ்சாது.

சூலூர் வீடு:

பார்த்தாச்சு. பக்கெட் 25 செகண்டுல ரொம்புது. உப்பு நல்லா உறிஞ்சுது. ரீஜெனரேஷன் முடிஞ்ச உடனே 180, வேகத்தைக் குறைச்சதும் 40. டிரெயின்ல வெள்ளைத் துணி கட்டி பேக்வாஷ் (தண்ணியைக் கீழிருந்து மேலே விட்டுக் கழுவுறது) விட்டதுல கொஞ்சம் ரெசின் மணி சிக்குச்சு. நிறம் காப்பித்தூள் மாதிரி இருக்கு.

மல்டிபோர்ட்:

அப்போ மணிக்கு 2,880 லிட்டர், ரெசின் அளவுக்கு 115 மடங்கு. கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு, 40-க்கு இறங்கினதே சாட்சி. பேக்வாஷும் அதே வேகத்துல போறதால ரெசினைத் தூக்கி வெளியே தள்ளுது. 10 இன்ச் வெசலுக்கு பேக்வாஷ் நிமிஷத்துக்கு 10 லிட்டர் போதும். நீங்க 48 விடுறீங்க. மணி வெளியே வருதுன்னா மேல் ஸ்ட்ரெய்னரும் (ரெசினைத் தடுக்கிற சல்லடை) விரிசல் விட்டிருக்கணும், அதை மாத்துங்க. வெசல் தலையை, அதாவது மல்டிபோர்ட்டைக் கழட்டுறப்பவே ஒரு குச்சியை விட்டு ரெசின் ஆழம் பாருங்க. 25 லிட்டர் இருந்தா 50 செ.மீ. வரணும்.

ரெசின் மூட்டை:

காப்பித்தூள் நிறம் இரும்பு. புது ரெசின் தேன் நிறத்துல இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவுல நசுக்குங்க. கடினமா உருண்டா இன்னும் உயிர் இருக்கு. ஜவ்வரிசி மாதிரி நசுங்கினா க்ளோரின் தின்னிருக்கு. சம்புல பிளீச்சிங் பவுடர் போடுற வழக்கம் இருந்தா அதுதான் காரணம்.

கடினமா இருந்தா சுத்தம் பண்ணிப் பார்க்கலாம். 1 கிலோ சிட்ரிக் ஆசிட், 20 லிட்டர் தண்ணி, உப்புக்குப் பதிலா உறிஞ்ச விட்டு நாலஞ்சு மணி நேரம் ஊறவெச்சு, டிரெயின் தண்ணி தெளியிற வரை கழுவி, ரெண்டு தடவை உப்பு கொடுங்க. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணி உள்ளே இருக்கிறப்போ ஆசிட் விடாதீங்க, க்ளோரின் வாயு கிளம்பும்.

நசுங்கினா மாத்துங்க. தலையைத் திருகிக் கழட்டி, வெசலைச் சாய்ச்சுக் கொட்டி, கழுவி, நடு பைப்போட அடி ஸ்ட்ரெய்னரைப் பாருங்க. வீட்டுக் குழாய்ல மணி மணியா வந்தா உடைஞ்சது அதுதான். பைப்போட மேல் வாயை டேப் ஒட்டி மூடுங்க. இதை மறந்தா ரெசின் பைப்புக்குள்ள விழுந்து எல்லாத்தையும் திரும்பக் கொட்ட வேண்டியதுதான். அடியில கூழாங்கல், பாதி தண்ணி, அப்புறம் ரெசின். மேலே ஏறக்குறைய பாதி இடம் காலியா விடணும், பேக்வாஷ்ல ரெசின் எழும்ப அந்த இடம் வேணும். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாசலின் தடவினா ரப்பர் ஊதிடும். புது ரெசின் பெரும்பாலும் சோடியம் ஏத்தித்தான் வரும், முதல் தடவை உப்பு வேண்டாம், மெதுவா பேக்வாஷ் விட்டு மஞ்சள் தண்ணி போனா போதும்.

உப்புக்கணக்கு:

வாங்குறதா இருந்தா ரெண்டே வழி. ஒண்ணு, இதே வெசல், மோட்டாருக்குப் பக்கத்துல 'T' மாதிரி பைப் இணைப்பு போட்டு மீதித் தண்ணியை சம்புக்கே திருப்பி விடுறது. 1000 லிட்டர் ஏற இருபது நிமிஷத்துக்குப் பதிலா ஒரு மணி நேரம் ஆகும், கரண்ட் தினம் முக்கால் யூனிட் வரை கூடும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை உப்பு போடுற வேலை அப்படியேதான்.

இன்னொண்ணு, 13 இன்ச் வெசல்ல 60 லிட்டர் ரெசின். மோட்டாரை அப்படியே வெச்சாலும் 48 மடங்குக்கு வந்துடும், வால்வைக் கொஞ்சம் குறைச்சா சரி. 7 கிலோ உப்பு, நாலு நாளைக்கு ஒரு தடவை. அதைக் கரைக்க 20 லிட்டருக்குக் குறையாம தண்ணி வேணும், அதனால சால்ட் டேங்கும் பெரிசாகணும். எந்த வழியா இருந்தாலும் பிரஷர் கேஜ் ஒண்ணு போடுங்க. இந்த மாதிரி மல்டிபோர்ட் நிறைய 3.5 கிலோ பிரஷருக்கு (சதுர செ.மீ.க்கு) மேல தாங்காது. மாடிக்கும் சேர்த்துன்னா நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். காந்தம் சுத்தி விக்கிற உப்பில்லா மெஷின் பக்கம் போகாதீங்க, அது வெச்ச பிறகும் கிட்ல 650 அப்படியே நிக்கும்.

ரெசின் மூட்டை:

டிரெயின் எங்கே போகுதுன்னு சொல்லலையே? தென்னைக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ விடாதீங்க, அந்த உப்பு உங்க போருக்கே திரும்பி வரும். செடிக்கு சாஃப்ட்னருக்கு முன்னாடி தனிக் குழாய் எடுங்க. 650 பிபிஎம்மை மாத்தினா லிட்டருக்கு 300 மில்லிகிராம் சோடியம் கூடுது, மண்ணு இறுகிடும். குடிக்கிறது ஆர்ஓ வழியாத்தான், முக்கியமா ரத்தக் கொதிப்பு (பிரஷர்) இருக்கிறவங்க வீட்டுல இருந்தா.