ராத்திரி கபடி எடுக்க எந்த கேமரா? கொஞ்சம் அவசரம்

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம். கபடி எடுக்க கேமராவும் லென்ஸும் சொல்லுங்கள். மாமாவின் கேமராவில் எடுத்ததில் ஒன்றுகூட தேறவில்லை, ஆட்கள் எல்லாம் பேய் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். பொங்கலுக்கு எருது விடும் விழாவும் எடுக்கணும். ஞாயிறு வாங்கப் போகிறேன், சீக்கிரம் ப்ளீஸ்.

பாலக்கோடு தக்காளி:
பட்ஜெட் எவ்வளவு தம்பி? மாமாவுடையது என்ன கேமரா?

ஓசூர் ரோஜா:
கண்ணை மூடிக்கொண்டு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) வாங்குங்கள். கேனான் ஆர்10 மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம். கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் காலம் மலையேறிவிட்டது.

நிழல்முனி:
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. ஷட்டர் என்றால் என்னவென்று தெரியாதவர் கையில் ஆர்10 கொடுத்தால் நொடிக்கு 15 மங்கல் படம் வரும், அவ்வளவுதான்.

பாலக்கோடு தக்காளி:
விஷயம் சரிதான் சார், அதைக் கொஞ்சம் தன்மையாகச் சொல்லலாம். தம்பி, ஒரு படத்தின் விவரத்தைத் திறந்து அதில் உள்ள எண்களைப் போடுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். மேட்ச் ராத்திரி. 1/60, எஃப்5.6, ஐஎஸ்ஓ 6400 என்று இருக்கிறது. 45 ஆயிரம் வரை முடியும், செகண்ட்ஹேண்டும் ஓகே.

பாலக்கோடு தக்காளி:
ராத்திரி என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள்! 1/60 என்றால் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கிறது, அதற்குள் ரெய்டர் கையை நீட்டினாலே இழுக்கும், கபடிக்கு 1/500ஆவது வேண்டும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகும்; 5.6 இருக்கும் இடத்தில் 1.8 லென்ஸ் போட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஏற்றாமல் அதே 6400ல் 1/500 கிடைத்துவிடும். அதனால் முதல் காசு லென்ஸுக்கு. களமே 13க்கு 10 மீட்டர்தான், கோட்டோரம் உட்கார இடம் கிடைத்தால் 85 எம்எம் 1.8 அருமை, காசு இடித்தால் 50 எம்எம். மிச்சத்தில் பழைய கேனான் 80டி பாருங்கள், நொடிக்கு 7 படம், 45 ஃபோகஸ் புள்ளி. 1500டியில் 3 படம், 9 புள்ளி. அப்புறம் ஓடுகிற ஆளை விடாமல் ஃபோகஸ் தொடரும் ஏஐ சர்வோ போட மறக்காதீர்கள்.

ஓசூர் ரோஜா:
பழைய கேமராவா? ஷட்டர் எத்தனை ஆயிரம் படத்துக்கு ஓடித் தேய்ந்திருக்கிறதோ, யார் கண்டது.

மத்தூர் மின்கம்பம்:
லைட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில லைட்டுகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/500ல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது இருட்டாகவும் வரும். 80டியில் இந்த மினுக்கலைச் சமாளிக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் உண்டு, ஆன் செய்துகொள்ளுங்கள்.

மதுரை மல்லி:
ஜல்லிக்கட்டுக்கு தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-200 எஃப்2.8 லென்ஸ் இல்லாமல் முடியாது, சொல்லிவிட்டேன்.

பர்கூர் மாங்கா:
அது ஜல்லிக்கட்டு இல்லைங்க, எருது விடும் விழா. மாட்டைப் பிடிக்கிற வேலையே இல்லை, எத்தனை நொடியில் தூரத்தைக் கடக்கிறது என்பதுதான் கணக்கு.

காரிமங்கலம் கண்ணாடி:
கொம்பில் தட்டி கட்டி விட்டு அதைப் பறிக்கிற ஊரும் இருக்கிறதே?

பர்கூர் மாங்கா:
அது வேற. எங்கள் ஊரில் நேரம்தான்.

காரிமங்கலம் கண்ணாடி:
உங்கள் ஊர் மட்டும்தான் மாவட்டமா?

நிழல்முனி:
தம்பி கேட்டது கேமரா. பகல் வெயிலில் 70-200 எஃப்2.8 எதற்கு, பழைய 55-250 போதும். 1/1000 வையுங்கள். தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். மாடு ஓடிய புழுதி அடங்குவதற்குள் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் செம்மண்தான்.

பாலக்கோடு தக்காளி:
இதைத்தான் சார் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

காவேரிப்பட்டணத்தான்:
80டி கிடைத்தது, காசு 50 எம்எம்முக்குத்தான் எட்டியது. நேற்று 400 படத்துக்கு மேல் எடுத்து முப்பது தேறியது. ஒன்றில் ரெய்டர் காலடியில் தெறிக்கிற மண்கூட தனித்தனியாகத் தெரிகிறது. நன்றி அண்ணா.

ஓசூர் ரோஜா:
ஷட்டர் கவுன்ட் எவ்வளவு?

ஓசூர் ரோஜா:
தம்பி?