தொழிலாளர்களைப் பேச வைப்பது எப்படி? பயிலரங்கு நடத்தியவர்கள் உதவுங்கள்

வணக்கம். புலம்பெயர் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு குறித்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்தப் போகிறோம். தொழிலாளர்கள், சங்கத்தினர், முதலாளிகள், அதிகாரிகள் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். சிக்கலே அதுதான். போன முறை அதிகாரிகள் பேசினார்கள், தொழிலாளர்கள் தலையாட்டினார்கள்.

வேலை பார்த்த நாட்டில் கட்டிய ஓய்வூதியச் சந்தா, ஊர் திரும்பியதும் என்ன ஆகிறது என்பதுதான் இம்முறை முக்கியப் பேச்சு. இந்த உரிமை கைவிட்டுப் போகாமலிருக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 1982-லேயே 157-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகச் சில. ஆகவே இரண்டு நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் இருதரப்பு ஒப்பந்தங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இதை எளிதாக விளக்கும் பயிற்சி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

அப்புறம், முதலாளி எதிரே இருக்கும்போது தொழிலாளி பயமில்லாமல் பேச நீங்கள் என்ன செய்தீர்கள்? முதல் அரை நாள் தொழிலாளர்களை மட்டும் தனியாகச் சந்திக்கலாமா என்று யோசிக்கிறேன்.