மஞ்சளாகிப்போன லெகோ கட்டைகளை வெளுத்த அனுபவம்

சென்னையிலிருந்து:

எண்பதுகளில் சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த விண்வெளி லெகோ, ஒன்றோடொன்று பொருத்தி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகள். பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் வெள்ளைக் கட்டையெல்லாம் வெற்றிலைக்காரர் பல் மாதிரி இருந்தது. நீலம் பச்சையாகத் தெரிந்தது. நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் வேறென்ன ஆகும்?

இது அழுக்கில்லை, சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. கட்டைகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். எளிதில் உடையாமலிருக்க அதில் சேர்க்கிற பியூட்டடையீன் ரப்பர், வெளிச்சத்தாலும் காற்றாலும் கெட்டு மஞ்சளாகிறது. பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கும் இதே வியாதிதான். அதைச் சேகரிப்பவர்கள் 2008 வாக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்கிற வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்து வெயிலில் வைக்கும் வைத்தியத்தை 'ரெட்ரோபிரைட்' என்று பெயர் வைத்துப் பரப்பினார்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் பெராக்சைடு 6 சதவீதம். "காயத்துக்கா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். பொம்மைக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். முடியை வெளுக்க சலூன்காரர்கள் வைத்திருக்கும் 12 சதவீத பெராக்சைடு கிரீமைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: திட்டாகக் காய்ந்தால் பளிங்கு மாதிரி வரி விழுந்துவிடும், அப்புறம் அது போகாது. முழுதாக மூழ்க வைப்பதுதான் ஒரே சீராக வெளுக்கும்.

கட்டைகளைக் கழுவி, ஸ்டிக்கர் ஒட்டியதை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும்படி பெராக்சைடு ஊற்றி மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். குமிழி ஒட்டிக்கொண்டு எல்லாம் மிதக்க ஆரம்பித்தது. வெங்காயம் வரும் வலைப்பையில் கட்டி, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கினேன். இரும்பு, பித்தளை எதுவும் உள்ளே போகக்கூடாது, பெராக்சைடு சீக்கிரம் வீணாகிவிடும். மூடியை இறுக்கவும் கூடாது. ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், அடைத்தால் ஜாடி வெடிக்கலாம். கையுறை கட்டாயம். விரலில் பட்டால் தோல் வெளுத்து நன்றாக எரியும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

சாயங்காலத்துக்குள் நீலம் நீலமாகிவிட்டது. வெள்ளைக்குத்தான் இன்னும் சில நாள் வெயில் தேவைப்பட்டது. அவ்வப்போது கிளறி, திருப்பிப் போட்டு, போதும் என்று தோன்றியதும் எடுத்துக் கழுவினேன். ஒரே பெட்டியில் வந்த இரண்டு வெள்ளைக் கட்டைகள்கூட ஒரே மாதிரி வெளுக்கவில்லை. எனக்கு அதுவும் பிடித்துத்தான் இருக்கிறது.

மதுரையிலிருந்து:

நானும் செய்தேன், அண்ணா. நன்றாகத்தான் வந்தது. ஆனால் அலமாரியில் பூட்டி வைத்தவையே சில வருடத்தில் மறுபடி பழுப்பேறிவிட்டன. கெட்டுப்போன பிளாஸ்டிக் திரும்பப் புதுசாவதில்லை, நிறம் மட்டும்தான் போகிறது. அதனால் காட்சிக்கு வைப்பதை மட்டும் வெளுக்கிறேன், மற்றதை அப்படியே விட்டுவிட்டேன். இன்னொன்று: 1963க்கு முந்தைய லெகோ ஏபிஎஸ் இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்கிற வேறு பிளாஸ்டிக். அது ஏற்கெனவே கோணிக்கொள்ளும் ரகம், ஊறவும் வைக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள்.

கோவையிலிருந்து:

தொட்டால் பிசுபிசுக்கிற மெத்து பொம்மைகளை இதில் போட்டுவிடாதீங்க. அது பிவிசி என்கிற வேறு பிளாஸ்டிக், மென்மைக்காகக் கலந்த எண்ணெய் மாதிரியான பொருள் வெளியே கசிகிறது, பெராக்சைடு அதற்கு மருந்தில்லை. இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவைத்தால் போதும். லெகோவோடு ஒரே டப்பாவில் போட்டும் வைக்காதீங்க. கசிகிற அந்தப் பொருள் பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கித் தழும்பு போட்டுவிடும்.