சயாமியப் பூனை: 'ட்ரெடிஷனல் டைப்', 'மாடர்ன் டைப்' தமிழில் எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

சயாமியப் பூனை பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்குகிறேன். இனப்பெயர் ஒன்று, தோற்றம் இரண்டு. ஒன்று உருண்டைத் தலை, கட்டான உடம்பு. 1884இல் பாங்காக்கிலிருந்து இங்கிலாந்து போன ஃபோ, மியா என்ற பூனை ஜோடியின் சாயல். மற்றது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கண்காட்சிக்காகப் பொறுக்கியெடுத்து இணைசேர்த்து மெலியவைத்தது. மூக்கு நுனியிலிருந்து காது நுனிக்கு அடிக்கோல் வைத்துக் கோடு இழுக்கலாம், அப்படி ஒரு முக்கோணத் தலை. முன்னதற்கு 'மரபு வகை', பின்னதற்கு 'நவீன வகை' என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

-----

> 'மரபு வகை'

ஐயா, வேண்டாம். மரபணு, மரபியல் என்று 'மரபு' உயிரியலில் குடியேறி வெகுநாளாயிற்று. உங்கள் கட்டுரையிலேயே நிறத்துக்கான மரபணு வருமே: உடல்சூட்டில் முடங்கி, குளிர்ந்த காது, வால், பாதங்களில் மட்டும் வேலைசெய்யும் நொதி. அதனால்தான் குட்டி வெள்ளையாய்ப் பிறந்து பிறகு முகம் கறுக்கிறது. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் 'மரபு வகை' நின்றால் மாணவர் ஜீனோடைப் (மரபணு அமைப்பு) என்றே படிப்பார்.

'வகை'யும் தோது இல்லை. பூனை வளர்ப்போர் 'டைப்' என்பது தலை, காது, எலும்பு எல்லாம் சேர்ந்த கட்டமைப்பை. அதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது: உடல்வாகு. 'பழவாகு', 'புதுவாகு' என்றால்?

-----

வாகு நல்ல சொல். ஆனால் 'பழவாகு' என்றால் கனி ஞாபகம் வராதா? அதுவும் ஆங்கிலத்தில் அந்தப் பூனைக்கு 'ஆப்பிள்ஹெட்' என்றே செல்லப்பெயர்!

காலத்தை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லலாமே: உருள்தலை, கூர்தலை. (அந்த முக்கோணத் தலையை ஆங்கிலத்தில் 'வெட்ஜ்' என்பதற்காக 'ஆப்புத்தலை' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். யார் யாருக்கு வைத்தது என்று கேட்பார்கள்.)

-----

பழமொழி, பழவினை என்கிறோம் அக்கா, யாருக்கும் மாம்பழம் நினைவுக்கு வருவதில்லை.

கூர்தலை சயாமியத்துக்குப் பொருந்தும். பாரசீகப் பூனைக்கு? அங்கே பழையதற்கு மூக்கு வெளியே தெரியும், பொம்மைமுகம் என்பார்கள். புதியதற்கு மூக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறி உட்கார்ந்திருக்கும். மூச்சுத்திணறலும் ஓயாமல் வடியும் கண்ணீரும் அதோடு வந்த சீர்வரிசை. ஓரினத்தில் முகத்தை இழுத்து நீட்டினார்கள், இன்னோரினத்தில் அமுக்கித் தட்டையாக்கினார்கள். இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது காலம்தான். ஆகவே பொதுச்சொல்லாக பழவாகு, புதுவாகு. உருள்தலை, கூர்தலை சயாமியத்துக்குள் விளக்கமாக இருக்கட்டும்.

இன்னொன்று. 'மரபு' என்று எழுதினால் அதுவே அசல், மற்றது கலப்படம் என்று நாமே தீர்ப்பெழுதியதாகிவிடும். வளர்ப்போர் அடித்துக்கொள்வதே அதற்காகத்தான். 'பழ' என்பது முந்தியது என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது.

-----

ஒரு கண்ணி பாக்கியிருக்கிறது. பூனைகளைப் பதிவுசெய்யும் பன்னாட்டுச் சங்கமான டிக்கா, சயாமியத்தின் பழவாகைத் தனி இனமாகவே ஏற்று 'தாய்' என்ற பெயரில் பதிவுசெய்கிறது. அப்படியே எழுதி 'தாய்ப் பூனை' என்றால் குட்டி எத்தனை என்று கேட்பார்கள். 'தாய்லாந்துப் பூனை' என்று முழுதாக எழுதுங்கள். அந்த நாட்டில் அதன் பெயர் விச்சியன்மாத். விச்சியன் வடமொழி வஜ்ரத்திலிருந்து போனது. நம் வயிரத்துக்குப் பங்காளி.

-----

நன்றி. கட்டுரை முழுக்க மாற்றிவிட்டேன். 'பழவாகுச் சயாமியம்' தடங்கலில்லாமல் ஓடுகிறது. 'புதுவாகுப் பாரசீகம்' மூன்றுமுறை சொல்லிப் பார்த்தேன், இன்னும் நாக்கு ஒத்துழைக்கவில்லை. வம்சாவளியைக் குறிக்கும் 'பெடிகிரி'க்குக் கொடிவழி என்று போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் தனி இழையில் சண்டையிடலாம்.