அபராதம் பத்து மடங்காகியும் ஹெல்மெட் ஏன் டேங்கின் மீதே இருக்கிறது?

கேள்வி: தாம்பரம் வாசி

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அணியாததற்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. நான் நாள்தோறும் ஜி.எஸ்.டி. சாலை வழியாக வேலைக்குச் செல்கிறேன். காவலர் நிற்கும் சிக்னலுக்குச் சற்று முன்னால், டேங்கின் மீதிருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. சிக்னலைத் தாண்டியதும் இறங்கிவிடுகிறது. சென்ற வாரம் ஓர் இளைஞர், வாரைக்கூட மாட்டாமல், ஒரு கையால் ஹெல்மெட்டைத் தலையில் அழுத்திப் பிடித்தபடி என்னைக் கடந்து சென்றார். காவல்துறையின் சோதனையால் ஓட்டுநர்களின் பழக்கம் உண்மையிலேயே மாறுகிறதா, அல்லது சோதனை நடக்கும் இடத்தில் மட்டும்தான் மாறுகிறதா?

மறுமொழி: ஓட்டுநர் பயிற்சியாளர்

மாறும், ஐயா. ஆனால் பிடிபடுவோம் என்ற அச்சம்தான் அதைச் செய்கிறது; தொகைக்கு அதில் பங்கு குறைவு. பிரிட்டனில் 1967 அக்டோபரில், குடித்துவிட்டு ஓட்டுவோரைப் பிடிக்கும் மூச்சுச் சோதனைச் சட்டம் வந்தவுடன் வார இறுதி இரவுகளில் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. பிடிபடும் வாய்ப்பு சொற்பமே என்பதை ஓட்டுநர்கள் நாளடைவில் கண்டுகொண்டபோது, சட்டம் அப்படியே இருந்தும் அதன் பலன் தேய்ந்துபோனது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் தொடங்கிய முறை வேறு: குடித்திருப்பதாகச் சந்தேகம் எழாவிட்டாலும், எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம், அதைப் பற்றி விரிவாக விளம்பரமும் செய்தார்கள். அங்கே குறைந்த உயிரிழப்பு மீண்டும் பழைய நிலைக்கு ஏறவில்லை. நம் ஊரிலோ எந்த முனையில் எத்தனை மணிக்குச் சோதனை என்பது டீக்கடையில் நிற்பவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

மறுமொழி: விபத்துப் பிரிவுச் செவிலியர்

இதில் எனக்கு மறுப்பில்லை. அச்சம் பழக்கமாகப் படியும்வரை சோதனை நீடிக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 2022 மே 23 முதல் சென்னையில் பின்னிருக்கையில் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று காவலர்கள் நிறுத்திக் கேட்கத் தொடங்கியபோது, எங்கள் தெருவில் சேலை கட்டிய பெண்களும் அணிந்துகொண்டுதான் வண்டியில் ஏறினார்கள். சோதனை தளர்ந்ததும் அவை பரணுக்குப் போய்விட்டன.

வாரையும் தயவுசெய்து சோதிக்கச் சொல்லுங்கள். கீறலே இல்லாத ஹெல்மெட்டை உறவினர் கையில் பிடித்திருக்க, தலையில் கட்டுடன் ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வார் மாட்டாததால், தலை தரையில் மோதும் முன்பே அது கழன்று ஓடிவிட்டிருக்கும்.

தாம்பரம் வாசி

நன்றி, அம்மா. கேமராக்களைப் பெருக்கினால் இது தீருமா?

ஓட்டுநர் பயிற்சியாளர்

ஓரளவு தீரும். கேமரா இருக்கும் கம்பமும் பத்தே நாளில் எல்லோருக்கும் பழகிவிடும் என்பதால், இடம் மாறிமாறி நிற்கும் காவலர்களும் கூடவே வேண்டும். இ-சலான் தொகை உரிய காலத்தில் வசூலாகவும் வேண்டும். செல்பேசியில் வெறும் குறுஞ்செய்தியாகவே அது தங்கிவிட்டால், அடுத்த முறை அந்தக் கம்பத்தை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.