புளி மண்டியில் தொடங்கிய உணவு நடை: கிருஷ்ணகிரி பழையபேட்டை அனுபவங்கள்

சொந்த ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டி வேண்டுமா என்று தம்பி கேட்டான். நான் கிருஷ்ணகிரியில் பிறந்து, பத்தாம் வகுப்புவரை அங்கேயே படித்தவள். சென்னைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பழையபேட்டையில், தெருக்களில் நடந்தே ஊர்ச் சாப்பாட்டைச் சுவைத்துப் பார்க்கும் ஓர் உணவு நடை என்று அத்தை மகள் சொன்னதும் அன்றே பெயர் கொடுத்துவிட்டேன். ஆளுக்கு 600 ரூபாய், சாப்பாடும் அதில் சேர்த்தி. ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஆறரை மணி. ஒன்பது பேர் வந்திருந்தோம்: பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி, சேலத்திலிருந்து நான்கு கல்லூரிப் பெண்கள், ஓசூரில் வேலை செய்யும் ஓர் இளைஞர், அத்தை மகள், நான். அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிட்டோம்.

ரவுண்டானா பக்கம் ஆளுக்கொரு டீ வாங்கித் தந்தார். பிறகு எட்டு மணிவரை சாப்பாட்டுப் பேச்சே இல்லை. பெங்களூர்த் தம்பதியின் முகம் வாடிவிட்டது. எனக்கும் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. உணவு நடை என்று அழைத்துவிட்டு இப்படி வெறும் வயிற்றோடு நடக்க விடலாமா என்று அத்தை மகளிடம் கேட்டேன்.

சார் எங்களைக் கூட்டிப் போனது புளி மண்டிக்கு.

அந்தத் தெரு வழியாக எத்தனை முறை பள்ளிக்குப் போயிருப்பேன்! ஒரு நாளும் உள்ளே போனதில்லை. பங்குனி மாதம் புளிக்கு நல்ல பருவம். கூரைக்குக் கீழே ஆள் உயரத்துக்குக் குவியல்கள். காற்றே புளித்துக் கிடந்தது. மூச்சை இழுத்தால் நாக்கின் ஓரத்தில் நீர் ஊறியது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு தட்டைக் கல், கையில் ஒரு சிறு சுத்தியல். ஓடு நீக்கிய பழத்தைக் கல்மேல் ஒருக்களித்து வைத்து ஓர் அடி. அவ்வளவுதான், கொட்டை துள்ளி வெளியே விழுகிறது, சதை கிழியாமல் அப்படியே இருக்கிறது. ஓர் ஆயாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நகக்கண்வரை கறுத்திருந்தன. சுத்தியல் ஒரு முறைகூட விரலில் படவில்லை, அவர் கல்லைப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் இருந்தவரோடு தெலுங்கில் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஆயா, நான் ஒன்று தட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். சுத்தியலைக் கொடுத்தார். என் அடியில் பழம் நசுங்கிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. "பழத்தை அடிக்காதே கண்ணு, கொட்டையை அடி" என்றார். ஐந்தாவது பழத்தில் ஒரு கொட்டை முழுசாக வெளியே வந்தது.

சார் மூன்று புளிகளை எங்கள் கையில் வைத்தார். இந்த ஆண்டுப் புளி செம்பழுப்பாக, லேசான இனிப்போடு இருந்தது. போன ஆண்டுப் புளி கறுத்து, நாக்கைச் சுருட்டியது. மூன்றாவது நாரோடும் கொட்டையோடும் இருந்தது, விலை குறைவானது. புதுப்புளி ரசத்துக்கு, பழம்புளி காரக்குழம்புக்கு என்பது அவர் வீட்டு வழக்கமாம். கொட்டையும் வீணாவதில்லை, மாவாக அரைத்து நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. தெலுங்கில் சிந்தபண்டு, கன்னடத்தில் ஹுணசே, உருதுவில் இம்லி. தமிழோடு சேர்த்து இந்த நான்கு மொழிகளும் புழங்கும் தெருவில் நின்றுகொண்டு அதைச் சொன்னார்.

அங்கே நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். எங்களில் ஒருவர் கைபேசியில் படம் எடுத்தபடியே அந்த ஆயாவிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி கிடைக்கும்?" என்று கேட்டார். ஆயா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். சார் அருகே வந்து, கேட்டவரின் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்: "உங்கள் சம்பளத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு அவரைக் கேட்கலாம்." கைபேசி பைக்குள் போனது. அந்த மனிதர் கோபப்படவில்லை. கிளம்பும்போது ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு கிலோ புளி வாங்கினார். அவரும் சரி, சாரும் சரி, என் மனதில் உயர்ந்துவிட்டார்கள்.

அடுத்து மாவு மில். ராகி அரைபட்டுச் சூடாக வந்து விழும்போது எழும் மணத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மழை விழுந்த மண்ணோடு வறுத்த கடலை கலந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குள் கை விடச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. "என் ஆயா இதை ஆரியம் என்றுதான் சொல்வார். கேழ்வரகு என்று நான் பாடப் புத்தகத்தில் படித்தேன்" என்றார் சார்.

எட்டரை மணிக்கு, அந்த மாவு எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்கே போனோம். முன்னறையில் நான்கு பெஞ்சுகள், அதுதான் மெஸ். அடுப்பில் நொய் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்பால் ஒரு குழி போட்டு, மூடிவிட்டார். கிளறவில்லை. "மாவு வேகாமல் கிளறினால் கட்டி தட்டும், வயிற்றுக்கும் ஆகாது" என்றார். மாவு வெந்ததும் பானையை இறக்கி, கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பைச் சுழற்றத் தொடங்கினார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது சட்டம். நெற்றியில் வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து, கொதிக்கும் களியை உருட்டித் தட்டில் போட்டார். உருண்டை மினுமினுவென்று கறுப்புக் கண்ணாடிபோல இருந்தது. கூடவே கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும். புளி எங்கே என்று தேடினேன். கொள்ளு ரசத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் கையில் வைத்திருந்த அதே புதுப்புளியின் இனிப்பை ரசத்தில் அடையாளம் கண்டபோது, இந்த மனிதர் ஏன் எங்களைப் பட்டினியாக நடக்க வைத்தார் என்பது புரிந்தது.

களியை மெல்லக் கூடாது. குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். சேலத்துப் பெண்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. பெங்களூர் அம்மா, "இது எங்கள் ஊர் முத்தே" என்று இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினார்.

அதன் பிறகு தட்டை போன்ற நிப்பட், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கிளிமூக்கு மாங்காய், பதினொன்றரை மணிக்கு விறகடுப்புப் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும். எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் வயிற்றில் களி இருக்கும்போது பிரியாணியை நியாயமாகச் சாப்பிட முடியாது. அதை மட்டும் வேறொரு நாளுக்கு மாற்றலாம் என்று சாரிடம் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் எதிரே சையத் பாஷா மலையும் மேலே கோட்டையும். கோட்டைக்கு வெளியே வணிகம் நடக்கிற இடத்துக்குத்தான் பேட்டை என்று பெயர். மலையையும் மண்டியையும் இத்தனை காலம் தனித்தனியாகவே பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

*

பர்கூர்க்காரர்:

உங்கள் சார் செய்தது சரி. நான் வேறொரு பெரிய நகரத்தில் பணம் கட்டி ஒரு நடைக்குப் போனேன். இரண்டரை மணி நேரத்தில் பதினோரு கடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கிண்ணத்தில் ஏதோ ஒன்று, ஒரு படம், அடுத்த கடை. சமைத்தவர் ஒருவரையும் பார்க்கவில்லை. ஆறாவது கடையில் என்ன சாப்பிட்டேன் என்று இப்போது நினைவில்லை. கடைக்காரர் வழிகாட்டியின் கையில் பணம் வைத்ததைப் பார்த்தபின் எனக்கு அந்த நடையே கசந்துவிட்டது. வழிகாட்டிக்குக் கூலி நாம் கொடுக்க வேண்டும், கடை கொடுக்கக் கூடாது. அப்போதுதான் எந்தக் கடை நல்லது என்று அவரால் உண்மையைச் சொல்ல முடியும்.

*

பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா:

தர்மபுரியை விட்டுவிட்டீர்களே! 2004 பிப்ரவரியில் பிரியும்வரை கிருஷ்ணகிரியும் எங்கள் மாவட்டம்தான். களியும் கொள்ளும் சாமையும் இங்கேயும் அதே. தர்மபுரி மாவட்டத்து ரேஷன் கடைகளில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். நீலகிரிக்கும் எங்களுக்கும்தான் முதலில் கொடுத்தார்கள். என் மருமகள் முதல் மாதம் அதை வாங்காமல் வந்துவிட்டாள். நானே போய் வாங்கிவந்து, கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து அரைத்தேன். இப்போது என் பேரன் வாரத்தில் இரண்டு நாள் களி கேட்கிறான்.

என் அனுபவம் ஒகேனக்கல்லில். வெளியூர் உறவினர்களை அழைத்துப் போயிருந்தேன். மீனை நாம் வாங்கிக் கொடுத்தால் அங்குள்ள பெண்கள் சமைத்துத் தருவார்கள். எங்களுக்குச் சமைத்தவள் என் மகள் வயதுப் பெண். மீன் வாங்கியதும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நேற்றைய மீன், திருப்பிக் கொடுத்து வேறு வாங்கி வாருங்கள்" என்றாள். மாற்றிக்கொண்டு வரும்வரை அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருந்தாள். அம்மியில் அரைத்த மசாலா, வாழை இலை, ஆற்றங்கரைப் பாறை. நல்ல மீனா என்று பார்த்துச் சொல்ல அவளுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அடுத்த முறையும் அவளைத் தேடிப் பிடித்துத்தான் சமைக்கச் சொன்னேன்.

*

ஓசூர் மருமகள்:

முழங்கால் வலியுள்ள மாமியாரை அழைத்து வரலாமா? எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? அவருக்கு இந்தப் புளி மண்டியைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. சிறு வயதில் அவர் அம்மா புளி தட்டித்தான் இவரைப் படிக்க வைத்தாராம். உங்கள் பதிவைப் படித்துக் காட்டியதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

முதலில் எழுதியவர்:

தாராளமாக அழைத்து வாருங்கள். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், ஆனால் ஐந்து மணி நேரம் ஆகும். மண்டியிலும் மெஸ்ஸிலும் உட்கார இடம் இருக்கிறது. நடுவில் உள்ள தூரத்துக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். எங்களோடு வந்தவர்களுக்கே சார் அப்படி ஏற்பாடு செய்யத் தயாராக இருந்தார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். முந்தின இரவு கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். பருவம் முடிந்துவிட்டால் மண்டியில் தட்டுபவர்கள் குறைந்துவிடுவார்கள், ஆகையால் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மாமியார் வருகிற நாளைச் சொல்லுங்கள். நானும் வருகிறேன். நான் தட்டிய ஐந்து பழங்களையும் ஆயா ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். நசுங்கிய நான்கும் ரசத்துக்குப் போய்விட்டன, முழுசாக வந்த ஒன்று உப்பு ஜாடியில் இருக்கிறது. அதை அவரிடம் காட்ட வேண்டும்.