கொரோனா முத்தப் போறதை ரத்த ரிப்போர்ட் முன்னாடியே காட்டிக் கொடுத்துச்சா? மலைக்காரங்க சொல்லுங்க

கோத்தகிரிக்காரன்:
2021 மே. அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டாச்சு, நல்லா சாப்பிடறார், பேரன்கிட்ட ஃபோன்ல வம்பிழுக்கறார். விரல்ல மாட்டற மீட்டர்ல ஆக்சிஜன் 94. "மலையில இவ்வளவுதான் காட்டும்"னு ஆளாளுக்குச் சொன்னாங்க. டாக்டர் மட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு உட்காரவே இல்லை. வெள்ளணுல ஒரு வகையான லிம்போசைட் 9 சதவீதம்தான், உடம்புல அழற்சி இருந்தா ஏறற சிஆர்பி 118, திசு சேதமானா ஏறற எல்டிஎச்சும் எகிறியிருக்கு. "ராத்திரியே கீழ கொண்டு போயிருங்க." ஆம்புலன்ஸ்ல ஏறறப்போ ஸ்வெட்டர் பட்டனை அப்பாவே போட்டுக்கிட்டார். குஞ்சப்பனை தாண்டறப்போ 91, மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள 87. டிரைவர், "இறங்க இறங்க ஏறணுமே சார், இது குறையுதே"ன்னார். அப்பா பொழைச்சுட்டார். ஆனா கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்பினாலே எனக்கு அந்தக் குரல்தான்.

பூம்பாறைப் பூண்டு:
எங்களுது யூனிட் கூத்து. அம்மாவுக்குக் கொடைக்கானல்ல எடுத்த சிஆர்பி 84. அப்புறம் வத்தலக்குண்டுல எடுத்தா 11. அண்ணன் சொந்தபந்தத்துக்கெல்லாம் ஃபோன் போட்டு "குறைஞ்சிருச்சு"ன்னுட்டாரு. ட்யூட்டி நர்ஸ் ஒண்ணும் பேசலை. பேனாவை எடுத்து, 11-க்குப் பக்கத்துல இருந்த பொடி எழுத்தைச் சுத்தி வட்டம் போட்டாங்க. மேல எடுத்தது லிட்டருக்கு மில்லிகிராம், கீழ எடுத்தது டெசிலிட்டருக்கு. அப்படின்னா லிட்டர் கணக்குல 110.

ஊட்டி ரிட்டயர்டு:
கோத்தகிரி தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டாக்டர் 94-ஐப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார். என் மச்சினருக்கு 78 வயசு, ரத்தக்கட்டைக் காட்டற டி-டைமர் 900, வீட்லயே சரியாயிட்டார். வயசானா அது தானா ஏறும். கீழ விழுந்து அடிபட்டாலும் ஏறும். எல்லாரும் கேட்டுக்கங்க: தினம் ஒரு டெஸ்ட்னு ஓடாதீங்க. எடுத்தா ஒரே லேப்ல எடுங்க. சிஆர்பி கூடிருச்சேன்னு நீங்களா ஸ்டீராய்டு வாங்கி முழுங்காதீங்க. 2020-ல இங்கிலாந்துல நடந்த ரெகவரி ஆய்வுல, டெக்சாமெதசோன்ங்கற ஸ்டீராய்டு ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ வெச்சவங்களுக்குத்தான் உயிர் காத்துச்சு, ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்குப் பலன் தெரியலை. இன்னொண்ணு, நம்ம ஊர்க் குளிர்ல விரல் சில்லிட்டிருந்தா மீட்டர் கன்னாபின்னான்னு காட்டும். கையை நல்லா தேய்ச்சு சூடாக்கிட்டு மாட்டுங்க. நகப்பூச்சும் இருக்கக்கூடாது. அசையாம உட்கார்ந்து, நம்பர் நின்னப்புறம் பாருங்க.

குன்னூர் லேப்காரி:
ரிட்டயர்டு ஐயா, அந்த 900 எந்த யூனிட்? டி-டைமரை எஃப்இயு, டிடியுன்னு ரெண்டு யூனிட்ல போடுவாங்க. எஃப்இயுன்னா அது 900-தான், டிடியுன்னா எஃப்இயு கணக்குல கிட்டத்தட்ட ரெட்டிப்பு. வயசுக்குத் தக்க வரம்பை உயர்த்தறது நுரையீரல்ல ரத்தக்கட்டு இல்லைன்னு ஒதுக்கறதுக்கு. கொரோனா முத்துமான்னு பார்க்கறதுக்கு அதைப் போட்டா எப்படி? உங்க மச்சினர் ஒருத்தர் தப்பிச்சதை வெச்சு மத்தவங்க ரிப்போர்ட்டை மடிச்சு வைக்கச் சொல்லாதீங்க. நாங்களும் ஒத்தை நம்பரை நம்பச் சொல்லலை. லிம்போசைட் இறங்குது, சிஆர்பி, எல்டிஎச் ஏறுதுன்னு மூணும் சேர்ந்து வந்தாத்தான் டாக்டருக்கு உடனே ஃபோன் போடுவோம்.

கோத்தகிரிக்காரன்:
ஐயா, முந்தின நாளும் அதே 94-தான். அன்னிக்கு ரிப்போர்ட் வரலை. "வீட்லயே இருக்கட்டும்"னு அனுப்பினதும் அதே டாக்டர்தான்.